பட்டிப்பூவும் பாம்புநாக்குப் புல்லும்

தம்பி,

இதை நீ விமானத்தில் வாசிக்கலாம். அல்லது எட்மன்டன் போய்ச் சேர்ந்தபின், பனி கொட்டி வெளியே போக வழியில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்கலாம். அவசரமான சங்கதி ஒன்றும் இதில் இல்லை. போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, உங்களைச் சுகமாக்கினது எது எண்டு நினைக்கிறியள்? ஹொஸ்பிட்டலோ, அந்தச் சீனக்கடை லாமின்ர மருந்தோ? சும்மா சொல்லுங்கோ, நான் ஆர்கியு பண்ண மாட்டன்" என்றாய். நான் குழம்புச் சட்டியை உன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டதாக நீ நினைத்திருப்பாய். பதில் நீளமாக இருந்தது, சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீ இனி வேலை செய்யப் போகிற ஆய்வுகூடத்தில் சீன மூலிகைகளைச் சாறெடுத்துப் புற்றுநோய் உயிர்க்கலங்களின் மேல் விட்டுப் பார்க்கப் போகிறாய். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு வசனத்தில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணம் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்காக அத்தனை வருடம் கோப்பு எழுதியவளுக்கு வாயைவிடப் பேனைதான் வசதி.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்போது நாம் இங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் அந்த உயர்ந்த கட்டிடத்தில் இருந்தோம். உன் அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார். எனக்கு அழகுசாதனப் பொருட்களைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. நீ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். கட்டியை வெட்டி எடுத்தார்கள், அதன்பின் கீமோ என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் உனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்பது. வயிற்றில் ஒப்பரேஷன் என்று கட்டிடத்தில் சொன்னோம். றிச்மண்ட் ஹில் கோயிலில் விசாரித்தவர்களுக்கும் அதையே சொன்னோம். கான்சர் என்ற சொல் வெளியே போனால் அடுத்த நாளே சனம் கறிச்சட்டியோடு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்து, என்னைச் செத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அந்தப் பார்வையையும் தாங்கிக்கொண்டு மருந்தையும் தாங்க என்னால் ஏலாது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் பிழையென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு சிக்கல் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஊசி சிவப்பு நிறம். நரம்புக்குள் போகும்போது கை முழுக்க நெருப்புக் கோடு இழுத்ததுபோல இருக்கும். தலைமயிர் தலையணையோடு வந்தது. நான் பொய்முடி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். என் பக்கத்தில் நின்று மூடி பூட்டுகிற மேய் லிங் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் மதிய இடைவேளையில், தன் கரண்டியால் என் தலையைச் சுட்டிக்காட்டி, "மை மதர், சேம்" என்றாள். அவளுடைய தாய்க்கும் இதே வருத்தம் வந்து, ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்த்துச் சீன மருந்தும் குடித்தாளாம். எனக்கு அப்போது கஞ்சித் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மேய் லிங் என்னை மிட்லண்ட் வீதியில் உள்ள ஒரு சீனக் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த லாமின் கடையை நீ கண்டிருக்கிறாய். சுவர் முழுவதும் மரத்தினாலான சிறு இழுப்பறைகள், கண்ணாடிப் போத்தல்களில் காய்ந்த கடற்குதிரை. நான் போனபோது அவர் என் கையை ஒரு சிறு தலையணையில் வைத்து, மூன்று விரலால் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு மற்றக் கை. அவருடைய மருமகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: நித்திரை வருகிறதா, கால் குளிர்கிறதா, எதைப் பார்த்தால் குமட்டி ஓங்காளிக்கிறது? ஆஸ்பத்திரியில் என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என்னைத் தொட்டவர்கள் எல்லாரும் கட்டியைத் தொட்டார்கள், அல்லது நரம்பைத் தேடித் தொட்டார்கள். மணிக்கூட்டைப் பார்க்காமல் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. அது மருத்துவமா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அவர் இழுப்பறைகளைத் திறந்து திறந்து ஒரு தாளில் குவித்தார். வெளிர் மஞ்சளாக, நாக்கு வடிவில் சீவிய ஒரு வேர். மரத்தில் முளைக்கும் கட்டையான காளானின் துண்டுகள். சுருங்கிய சிவப்புப் பழங்கள். கடைசியாக ஒரு பிடி காய்ந்த புல். அந்தப் புல்லைப் பார்த்ததும் காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கிற நம்முடைய பற்படாகக் கட்டு ஞாபகம் வந்தது. பெயர் என்ன என்று கேட்டேன். மருமகள் யோசித்து யோசித்து, "ஒயிற் ஃபிளவர், ஸ்நேக், ரங், கிராஸ்" என்று ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். வெள்ளைப்பூப் பாம்புநாக்குப் புல். லாம் ஏதோ சொன்னார். அவள், "என்ர மாமா சொல்லுறார், வேர் உங்களைப் பலமாக்கும், ஆஸ்பத்திரி மருந்தைத் தாங்க. புல் கட்டிக்கு. சிலருக்கு நல்லம், சிலருக்கு ஒண்டுமில்லை" என்கிற கருத்தில் சொன்னாள். சுகமாக்குவேன் என்று அவர் சொல்லவேயில்லை. அதை நான் அன்றே கவனித்தேன்.

வீட்டில் மண்சட்டியில் அதை அவித்துக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். அன்றைய சண்டை உனக்கு நினைவிருக்கும்.

"அம்மா, திஸ் இஸ் கிராஸ். உதுக்குள்ள என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது. அந்தச் சிவப்பு ஊசிக்குள்ள என்ன இருக்கெண்டு தெரிஞ்சோ நான் கையை நீட்டினனான்?"

"அது டெஸ்ட் பண்ணினது. இது ஆரோ ஒரு கடைக்காரன் தாறது."

"கத்தாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு நீயாகவே லாமின் கடைக்குப் போய், மருமகளிடம் ஒவ்வொரு மூலிகைக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருக்கிறாய். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, அந்தப் புல்லை வைச்சுச் சீனாவில வேலை செய்திருக்கினம். லாப் தட்டில வைச்ச கான்சர் கலத்தை அது கொல்லுதாம். அந்த வேர் வெண்குருதிக் கலத்தைக் கூட்டுமோ எண்டும் பாத்திருக்கினம். பட், தட்டில எண்டா உடுப்பு வெளுக்கிற மருந்தும்தான் கொல்லும். ஆக்களில சரியாப் பாத்தது குறைவு" என்றாய். உன் குரலில் கோபம் இருக்கவில்லை. எனக்கு அதுதான் புதினமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நீ பாடத்தை மாற்றினாய் என்று நினைக்கிறேன். நீ என்னிடம் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று நீ பிடிவாதமாக நின்றாய். எனக்கு விருப்பமில்லை. ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை. பேனையை வைத்துவிட்டு, "எனக்கு இதைப் பற்றித் தெரியாது. தெரியாததை நல்லதென்றும் சொல்ல ஏலாது. ஊசி போடுகிற நாட்களை ஒட்டிக் குடிக்காதேயுங்கள். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஈரலைச் சோதிப்போம்" என்றார். இடையில் ஒரு தடவை ஈரல் சோதனையின் அளவு கூடிவிட்டது. மூலிகையை நிறுத்தச் சொன்னார், ஊசியையும் தள்ளிப்போட்டார். அளவு இறங்கியது. ஊசியாலா, மூலிகையாலா என்று கேட்டேன். இரண்டையும் ஒன்றாக நிறுத்தியதால் சொல்ல முடியாது என்றார். நான் போய் லாமிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தன்னுடைய மருந்து ஈரலை ஒன்றும் செய்யாது என்று மருமகள் மூலம் இரண்டு தரம் சொன்னார். பிறகு அடுத்த பொட்டலத்தில் ஏதோ ஒன்றைக் குறைத்துத் தந்தார். எதைக் குறைத்தார் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. இருந்தும் குடித்தேன். குடித்தால் சாப்பிட முடிந்தது. சாப்பிட்டால் அடுத்த ஊசிக்கு எழுந்து நடக்க முடிந்தது. அந்த வருடம் முழுக்க மற்றவர்கள் எனக்கு என்னென்னவோ செய்தார்கள். அந்தச் சட்டியை அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் நான் எனக்குச் செய்த வேலை. அடுத்த ஆண்டு எல்லாச் சோதனையும் நல்லபடி வந்தது. இதுவரைக்கும் நல்லபடிதான்.

இனி நான் சொன்ன சிக்கல். ஊசியை நான் மறைத்தேன், பொய்முடியை மறைத்தேன், வாந்தியை மறைத்தேன். ஆனால் அந்தச் சட்டியின் மணத்தை மறைக்க முடியவில்லை. அது கதவிடுக்கால் வெளியே போய், மாடியின் நடைவழியில் நிறைந்து, லிஃப்டுக்குள்ளும் ஏறியது. என்ன மணம் என்று கேட்டவர்களுக்குச் சீன மருந்து, களைப்புக்கு என்றேன். எனக்கு வந்தது கான்சர் என்று எப்படியோ தெரியவந்தபோது நான் சுகமாகி நடமாடிக்கொண்டிருந்தேன். சனம் தனக்குத் தெரிந்த இரண்டையும் சேர்த்து ஒரு கதை செய்துவிட்டது. வெக்ஸ்போர்டில் ஒரு மனிசிக்குக் கான்சர் வந்ததாம், ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம், சீனப் புல்லைக் குடித்தே மாறிவிட்டதாம். இந்தக் கதை என்னிடமே ஒரு கலியாண வீட்டில் வந்தது. சொன்னவளுக்கு அந்த மனிசி நான்தான் என்று தெரியாது. நான் இடியப்பத்தைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பனிமாரியில் றெஜினா போன் எடுத்தாள். செபமாலை அண்ணையின் மனிசி. அவர்கள் முன்பு நம் கட்டிடத்தில் கீழ் மாடியில் இருந்தவர்கள், மன்னார்ப் பக்கம். அண்ணை வோபர்னில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். பிறகு அந்தக் கடைக்குக் கிட்டவே வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

"அக்கா, இவருக்குக் கழுத்தில, கக்கத்தில எல்லாம் கட்டி. நிணநீர்க் கான்சராம். ஊசி போட்டா மாறக்கூடியதாம் எண்டு டொக்டர் சொல்லுறார். இவர் போகமாட்டன் எண்டு நிக்கிறார். கேட்டா உங்கட பேரைச் சொல்லுறார்."

"என்ர பேரையோ?"

"ஓம். வெக்ஸ்போர்ட் அக்கா சீன மருந்தில மாறினவ, எனக்கும் அது போதும் எண்டு. அந்த லாமிட்டப் போய் வாங்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு நாளும் அவிக்கிறார். நான் என்ன செய்ய அக்கா?" பிறகு, "நீங்கள் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு உண்டானது பயமுமில்லை, துக்கமுமில்லை, ஒருவிதமான அலுப்பு. என்னுடைய உடம்பைப் பற்றிய கதை என்னிடம் கேட்காமலே ஊரைச் சுற்றி வந்து, இன்னொருவருடைய வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கார் ஓடினாய். வழியெல்லாம் பனிச்சேறு. நீ என்னிடம், "வாட் ஆர் யூ கோயிங் டு சே?" என்று கேட்டாய். தெரியாது என்றேன்.

செபமாலை அண்ணை சோபாவில் கம்பளியால் போர்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். அந்த வீட்டிலும் அதே மணம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா பிள்ளை, வா. நீதான் சாட்சி. இவளுக்குச் சொல்லு."

கம்பளிச் சட்டையின் கையைத் தோள்வரைக்கும் உருட்டினேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊசி ஏறி ஏறிக் கறுத்து, கயிறுபோல இறுகிப்போன நரம்பை அவருக்குக் காட்டினேன். தொட்டுப் பாருங்கோ அண்ணை என்றேன். அவர் மீனின் முள்ளைத் தடவிப் பார்க்கிறவர்போலப் பெருவிரலால் தடவினார்.

"உது என்ன?"

"ஆஸ்பத்திரி மருந்து. நான் ஒரு ஊசியும் விடேல்லை அண்ணை. மொட்டைத் தலையோட திரிஞ்சனான். நீங்கள் லிஃப்டுக்குள்ள கண்ட தலை கடையில வாங்கினது."

அவர் நம்பவில்லை. உன்னைப் பார்த்தார். நீ எப்போதும் பெரியவர்கள் நடுவில் வாய் திறக்காதவன். அன்று திறந்தாய்.

"அங்கிள், ஐ வோஸ் தெயர். அம்மா சத்தி எடுத்த வாளியை நான்தான் கழுவினனான். சீன மருந்தும் குடிச்சவதான், ஓம். ஆனா டொக்டருக்குச் சொல்லிப்போட்டு, ஊசி போடுற நாளை விட்டுப்போட்டுக் குடிச்சவ. எது வேலை செய்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒண்டை மட்டும் செய்து பாக்கேல்லை."

அந்த வாந்தி வாளியைப் பற்றி நீ அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் யாரிடமும் பேசியதில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை, "உவங்கட மருந்து நஞ்சு. சீனன்ர மருந்து மூலிகை. மூலிகை ஆளைக் கொல்லாது" என்றார்.

"கொல்லும் அங்கிள். கொல்லுற மூலிகையும் இருக்கு" என்றாய் நீ. "மற்றது, உங்களுக்குப் போடப்போற ஊசியில ஒண்டும் மூலிகைதான். பட்டிப்பூ தெரியுமெல்லே? நித்தியகல்யாணி. ஊதாப்பூ, வெள்ளைப்பூ பூக்கும். அந்தச் செடியில இருந்து எடுத்ததுதான்."

"பட்டிப்பூவோ?" அண்ணை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது சவக்காலைப் பூவெல்லோ! எங்கட ஊர்ச் சவக்காலை முழுக்க அதுதான் நிக்கும். ஆடும் தின்னாது."

"ஆடு தின்னாததுக்கு அதுதான் காரணம்" என்றாய். றெஜினா முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். சிரித்தபடியே இருமல் வந்து, இருமல் ஓய்ந்ததும் அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் றெஜினாவைத் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, நான் ஊசிக்குப் பயந்து நிக்கேல்லை. எனக்கும் இவளுக்கும் இங்கிலிஸ் விளங்காது. அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு மகளைத்தான் கூட்டிக்கொண்டு போனது. டொக்டர் அவளுக்குச் சொல்ல, அவள் எனக்குச் சொல்ல வேணும். அவன் என்னவோ சொன்னான். அவள் என்னைப் பாக்கிறாள், சொல்லுறாள் இல்லை. பிறகு சொன்னாள். சொல்லேக்க அவளின்ர வாய் நடுங்கினது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அப்பா செத்துப் போகலாம் எண்டு அப்பாவுக்கே சொல்ல வைக்கிறதோ? இனி நான் அவளைக் கூட்டிக்கொண்டு அங்க போகமாட்டன். லாமிட்ட எண்டா நான் தனியப் போவன். அவனுக்கும் இங்கிலிஸ் இல்லை, எனக்கும் இல்லை. கையை நீட்டினாச் சரி."

அதுதான் காரியம். நான் நினைத்துக்கொண்டு போனது ஒன்று, அவருடைய மனதில் இருந்தது வேறு. மூலிகை பெரிதா ஊசி பெரிதா என்று நாம் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அவருக்கோ ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. நான், "நான் வாறன் அண்ணை. மகள் பள்ளிக்குப் போகட்டும்" என்றேன். அவர் உடனே ஓம் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்து, குடித்து முடித்து, நாங்கள் சப்பாத்துப் போடும்போதுதான், "எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்று கேட்டார்.

போனோம். தொழிற்சாலையில் என் வேலை நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டு அவரோடு போனேன். டொக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். சில சொல்லைச் சொல்ல எனக்கும் வாய் கூசியது. ஆனால் நான் அவருடைய பிள்ளை இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். லாமின் மருந்தைப் பற்றி நானே எடுத்துச் சொன்னேன். முன்பு என் டொக்டரிடம் நாம் கேட்ட அதே பதில்தான் அங்கேயும் கிடைத்தது. பட்டிப்பூ மருந்து அவருடைய விரல் நுனிகளை மரக்கச் செய்துவிட்டது. கத்தி பிடிக்கிற கை. அந்த மாரி முழுக்க அவரால் மீன் வெட்ட முடியவில்லை. இடையில் ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டார்கள். போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போகவில்லை. கட்டிகள் கரைந்தன. விரல்களில் உணர்வு மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது மறுபடியும் அதே கடையில், அதே மேசையில் நிற்கிறார். நீ போன மாதம் அவரிடம்தான் விளைமீன் வாங்கி வந்தாய்.

போன ஆண்டு அவர்களுடைய தேவாலயத் திருநாளுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அண்ணை எழுந்து நின்று, தன் வருத்தம் மாறின கதையை எல்லாருக்கும் சொன்னார். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாராம், அந்தோனியார் கைவிடவில்லையாம். அவ்வளவுதான் கதை. ஊசியும் இல்லை, புல்லும் இல்லை, பட்டிப்பூவும் இல்லை, நானும் இல்லை. றெஜினா என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைக் குடித்தேன். மனம் நோகவில்லையா என்று நீ கேட்பாய். நோகவில்லை. பிழைத்தவனுக்குத் தன் கதையை வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது. அதைக் கேட்கிற இன்னொரு நோயாளி என்ன செய்வான் என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே பந்தி முடிந்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம், அண்ணை ஆஸ்பத்திரிக்கும் போனவர் என்று சாதாரணமாகச் சொல்லிவைத்தேன்.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: எனக்குத் தெரியாது. என்னை ஒரு சோதனையாக எடுத்தால் நான் பழுதான சோதனை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். ஊசி இல்லாமல் நான் இருந்திருக்க மாட்டேன் என்றுதான் என் புத்தி சொல்கிறது. லாமின் கஷாயம் இல்லாமல் அந்த ஊசிகளை முடித்திருப்பேனா என்பது சந்தேகம். அந்தப் புல் ஏதாவது செய்ததா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கும்போது அம்மா குடித்தது என்பதற்காக அதற்கு ஒரு புள்ளி கூட்டிப் போடாதே. அம்மா குடித்ததைக் கண்டு பயந்தாய் என்பதற்காக ஒரு புள்ளி குறைத்தும் போடாதே. ஒன்றுமில்லை என்று வந்தால் ஒன்றுமில்லை என்றே எழுது. நான் கோபிக்க மாட்டேன்.

இன்னொன்று. நீ தட்டில் வைத்துப் பார்க்கிற கலத்துக்கு ஒன்பதாம் வகுப்பு மகள் இல்லை, அது லிஃப்டில் பக்கத்து வீட்டாரைச் சந்திப்பதில்லை. என்றைக்காவது ஆட்களில் பார்க்கிற நாள் உனக்கு வந்தால், வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று அவர்களைக் கேள். முதல் தரம் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, வேறு கதை கதைத்துவிட்டு, ஏசாத குரலில் இன்னொரு தரம் கேள். அப்போது சொல்வார்கள். கதையைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் எடுக்கிறவர்களிடம் நான் அப்படித்தான் அறிந்துகொள்கிறேன். எத்தனையோ பேர் சட்டி வைத்திருக்கிறார்கள், தம்பி. சீனக் கடையில் வாங்கியது, ஊரிலிருந்து தருவித்தது, பெயரே இல்லாத போத்தல் தூள். தூள் என்றால் நான் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். வேரையும் இலையையும் கண்ணால் பார்க்கலாம். தூளுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

நேற்றுக் காலை ஒரு பெண் போன் எடுத்தாள். எனக்கு முன்பின் தெரியாதவள். இங்கே கிட்டத்தில்தான் இருக்கிறாள். புருஷனுக்குக் குடலில் வருத்தமாம். "அக்கா, அந்தச் சீனக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். விலாசத்தைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனவளிடம், ஆஸ்பத்திரியில் அடுத்தது எப்போது வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். வியாழக்கிழமையாம். போகிறதா விடுகிறதா என்று இன்னும் யோசிக்கவில்லையாம். அங்கே அவர்களுக்காக யார் கதைக்கிறது என்று கேட்டேன். பிறகு மெல்லிய குரலில், "ஏன் அக்கா, நீங்கள் வருவியளோ?" என்றாள்.

ஓம், வாறன் என்றேன். நீ போய்விடுவதால் கார் ஓட ஆளில்லை, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டால் சரி.

அம்மா